புதுப்பித்தலின் பின்னர் அறுந்துபோகும் இணைப்பு

தம்பலகாமத்து வயல்களுக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கின்றது. குளம் நிறைந்திருக்கலாம். வாய்க்காலிலும் குறைவின்றித் தண்ணீர் ஓடலாம். ஆனால் கடைசி மடை ஒழுங்காகத் திறக்கப்படாவிட்டால் வயல் வரண்டுதான் கிடக்கும். அனுபவமுள்ள விவசாயி எவரும் குளத்தைக் குறைகூறுவதற்கு முன்னர் மண்வெட்டியுடன் மடையடிக்குச் சென்று பார்ப்பார். இன்று எமது வீடுகளுக்குள் வந்துவிட்ட இணையத்தின் விடயத்திலும் இந்த எளிய ஒழுங்கு பொருந்துகின்றது. ஆயினும் அதனை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

தம்பலகாமத்திலுள்ள எமது உறவினர் வீடொன்றில் அண்மையில் ஏற்பட்ட அனுபவமே இதனை எழுதத் தூண்டியது. அவ்வீட்டு மகன் வளைகுடா நாடொன்றில் தொழில் புரிகின்றார். வேலை முடிந்து அவர் தாயாருடன் பேசுவதற்குக் கிடைப்பது இரவில் அரைமணி நேரம் மாத்திரமே. ஒரு நாள் முதல் அந்த அரைமணி நேரமும் துண்டுதுண்டாகிப் போனது. ஐந்து நிமிடம் பேசினால் இணைப்பு அறுந்துவிடும், மீண்டும் வரும், மீண்டும் அறும். ரவுட்டரின் விளக்குகளோ எவ்விதக் குறையுமின்றி எரிந்துகொண்டிருந்தன. லைனில் பழுது எனக் கருதி முறைப்பாடு செய்தார்கள். வந்து பார்த்தவர் லைன் நன்றாகவே உள்ளதெனக் கூறிச் சென்றுவிட்டார். முள்ளிப்பொத்தானையில் எமக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தினரும் அதே வாரத்தில் இதே குறையைக் கூறினர். இரு வீடுகளிலும் ஒரே வகை ரவுட்டர். இரண்டிலும் அதன் உள்மென்பொருள் சில தினங்களுக்கு முன்னர் தானாகவே புதுப்பிக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் உண்மை புலப்படத் தொடங்கியது.

ரவுட்டர் என்பது வெறும் பெட்டியல்ல. அது ஒரு சிறிய கணினி. அதனை இயக்கும் மென்பொருள் அதன் உள்ளேயே பதியப்பட்டிருக்கின்றது. வட்டவிதானை எந்த வயலுக்கு எந்த நேரத்தில் தண்ணீர் விடுவதெனத் தீர்மானிப்பதைப் போல, எந்தக் கருவிக்கு எந்த அலைவரிசையில், எந்தப் பாதுகாப்பு முறையில் தொடர்பு வழங்குவதென இந்த மென்பொருளே தீர்மானிக்கின்றது. புதுப்பித்தல் என்பது விதானையின் கையிலுள்ள விதிப் புத்தகத்தை மாற்றுவதற்கு ஒப்பானது. இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளரின் ரவுட்டரைத் தூரத்திலிருந்தே நிருவகிப்பதற்கென ரீ.ஆர்.-069 என்றொரு பொது நடைமுறை உலகெங்கும் கையாளப்படுகின்றது. வீட்டார் உறங்கும் வேளையில் விதிகள் மாறிவிடுவது இவ்வாறுதான்.

அவ்வாறு மாறும்போது நிகழக்கூடிய தவறுகள் சில உள்ளன. முன்னர் வீட்டார் தெரிவுசெய்திருந்த அலைவரிசை 'தானியங்கி' நிலைக்குத் திரும்பிவிடலாம். 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என வெவ்வேறு பெயர்களில் இருந்த இரு வைஃபைகளும் ஒரே பெயருக்குள் இணைக்கப்பட்டுவிடலாம். 2018 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.-3 என்ற புதிய பாதுகாப்பு முறை இயக்கப்பட்டு, அதனை அறியாத பழைய கைத்தொலைபேசிகள் தடுமாறலாம். பழைய மென்பொருளின் கீழ் சேமிக்கப்பட்ட அமைப்புகள் புதியதுடன் ஒத்துப்போகாமலும் இருக்கலாம். எமது உறவினர் வீட்டில் நிகழ்ந்தது இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுசேர்ந்த நிலையாகும்.

இத்தகைய இடர்ப்பாடு கிராமத்துக்கு மாத்திரம் உரியதன்று. 2023 ஆம் ஆண்டு மே மாத நடுப்பகுதியில் தாய்வானின் ஆசுஸ் நிறுவனத் தயாரிப்பான ரவுட்டர்கள் பல நாடுகளில் திடீரெனச் செயலிழந்தன. உள்மென்பொருள் முழுவதுமாக மாற்றப்பட்டிருக்கவில்லை. பாதுகாப்புப் பராமரிப்பின்போது நிறுவனத்தின் சேர்வரிலிருந்து சென்ற கோப்பொன்றில் ஏற்பட்ட தவறே இதற்குக் காரணமாகியது. அந்நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியதுடன், ரவுட்டரை மீள இயக்குமாறும், அதனாலும் சரிவராவிடின் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்குமாறும் அறிவுறுத்தியது. வாசலில் எவரும் வராமலேயே வீட்டுக்குள் இருக்கும் பெட்டி பழுதாகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும், புதுப்பித்தலின் பின்னர் நிகழ்ந்தது என்பதனாலேயே புதுப்பித்தலால்தான் நிகழ்ந்தது எனத் தீர்மானித்துவிடலாகாது. அதே தினத்தில் மின்சாரம் தடைப்பட்டு வந்திருக்கலாம். மின்மாற்றி அடப்டர் பழுதடையும் நிலையில் இருக்கலாம். ஓட்டுக்கூரையின் கீழ் நண்பகல் வெப்பத்தில் பெட்டி சூடேறியிருக்கலாம். ஆகையால் மருந்துக்கு முன்னர் நோயை அறிதல் வேண்டும்.

முதலாவதாக, அறுந்தது எது என்பதைக் கண்டறிய வேண்டும். கைத்தொலைபேசியில் வைஃபை அடையாளம் மறையாமல் இருக்க, இணையம் மாத்திரம் வேலை செய்யவில்லையெனில், பழுது ரவுட்டருக்கு அப்பால், லைனில் அல்லது நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கவே அதிக வாய்ப்புண்டு. அடையாளமே மறைந்து மறைந்து தோன்றுமாயின் பழுது வீட்டுக்குள் உள்ளது. இதனை உறுதிசெய்ய, மடிக்கணினியொன்றை வயர் மூலம் ரவுட்டருடன் நேரடியாக இணைத்துப் பார்க்கலாம். வைஃபை அறுகின்ற அதே கணத்தில் வயர் இணைப்பும் அறுமாயின் லைனைச் சோதிக்க வேண்டும். வயர் இணைப்பு உறுதியாக நிற்க வைஃபை மாத்திரம் அறுமாயின் லைனில் குற்றம் காண்பது வீண். ஒளியிழை இணைப்புள்ள வீடுகளில் ரவுட்டரில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஒளிச் சைகை வரவில்லை என்பதே பொருள். அதற்கு நிறுவனத்தையே அழைக்க வேண்டும். இரு தினங்களுக்கு ஒரு தாளில் அறுந்த நேரங்களைக் குறித்து வைப்பது மிகப் பயனுள்ளது. முறைப்பாடு செய்யும்போது 'அடிக்கடி அறுகின்றது' என்பதைவிட 'நேற்று இரவு 8.10, 8.25, 8.40' என்பது வலுவான சாட்சியாகும்.

இரண்டாவதாக, ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி ஓரிரு நிமிடங்களின் பின்னர் மீண்டும் வழங்கிப் பார்க்க வேண்டும். அத்துடன் கைத்தொலைபேசியில் அந்த வைஃபையின் பெயரை அழித்துவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாக வழங்கி இணைக்க வேண்டும். பாதுகாப்பு முறை மாறியிருக்கும்போது, தொலைபேசி நினைவில் வைத்திருக்கும் பழைய விபரங்களே சிக்கலுக்குக் காரணமாகிவிடுவதுண்டு.

மூன்றாவதாக, அமைப்புகளைப் பார்க்க வேண்டும். ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டுள்ள துண்டில் அதற்கான முகவரி இருக்கும், 192.168.1.1 என்பது பரவலாகக் காணப்படும் ஒன்று. எதையும் தொடுவதற்கு முன்னர் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளல் அவசியம். இனி நான்கு மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம். இரு வைஃபைகளுக்கும் வெவ்வேறு பெயர் இடுவது முதலாவது. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானதெனினும் கட்டுச் சுவர்களை ஊடுருவுவதில் 2.4 கிகாஹேர்ட்ஸை விடக் குறைந்தது. ஒரே பெயரில் இருக்கும்போது, சமையலறைக்கும் விறாந்தைக்கும் இடையே நடக்கும் ஒருவரின் தொலைபேசி இரண்டுக்கும் இடையே தாவித் தாவி அறுகின்றது. பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ.-2 முறைக்கு மாற்றிப் பார்ப்பது இரண்டாவது. 2.4 கிகாஹேர்ட்ஸில் அலைவரிசையை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக நிலைநிறுத்துவது மூன்றாவது. ஒன்றன்மீது ஒன்று படியாதவை இவை மூன்றுமே. அலை அகலத்தை 40 இலிருந்து 20 மெகாஹேர்ட்ஸாகக் குறைப்பது நான்காவது. கொழும்பு வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் அயலவரின் வைஃபைகள் மோதிக்கொள்வதே பெருங்குறை. வளவுகளுக்கு நடுவே வீடுகள் விலகி நிற்கும் தம்பலகாமத்தில் அத்தகைய நெருக்கடி குறைவு. ஆதலால் இங்கு முதலிரு மாற்றங்களையே முதலில் செய்து பார்ப்பது பொருத்தமாகும். ஒரு வேளையில் ஒரு மாற்றம், அதன்பின் ஒரு நாள் அவதானிப்பு என்பதே முறை. நான்கையும் ஒருங்கே மாற்றினால், குணமானாலும் எது குணமாக்கியது என்பதை அறிய முடியாது.

துறைமுகமும் விமானத்தளமும் உள்ள மாவட்டத்தில் வாழ்வோர் மற்றுமொன்றையும் அறிந்திருத்தல் நன்று. 5 கிகாஹேர்ட்ஸ் பிரிவின் 52 முதல் 144 வரையான அலைவரிசைகள் ராடர்களுடன் பகிர்ந்துகொள்ளப்படுபவை. பல நாடுகளின் விதிகளின்படி, அவற்றில் இயங்கும் ரவுட்டர் ராடர் சைகையை உணர்ந்தால் 10 செக்கன்களுக்குள் அந்த இடத்தைவிட்டு விலக வேண்டும். அத்தகைய மற்றோர் அலைவரிசையில் தொடங்குமுன் ஒரு நிமிடமாவது காத்திருந்து செவிமடுக்க வேண்டும். பெரும்பாலான வணிகக் கப்பல்களின் ராடர்கள் 3, 9 கிகாஹேர்ட்ஸ் அளவுகளில் இயங்குவதால் அவற்றின்மேல் பழிபோட இடமில்லை. வானிலை ராடர்களும் சில இராணுவ ராடர்களுமே 5 கிகாஹேர்ட்ஸை அண்டியவை. புதுப்பித்தலின் பின்னர் தானியங்கி நிலைக்குத் திரும்பிய ரவுட்டர் இந்த அலைவரிசைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்துவிடக்கூடும். 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் மறைந்து, ஒரு நிமிடத்தின் பின்னர் வேறோர் அலைவரிசையில் தோன்றுமாயின் அதுவே இதன் அறிகுறி. 36 முதல் 48 வரையானவற்றுள் ஒன்றை நிலைநிறுத்துவதே இதற்கான பரிகாரம். சீனக்குடாவுக்கு அண்மையில் வாழ்வோர் இதனை முன்கூட்டியே செய்துகொள்வதில் நட்டமேதுமில்லை.

இவை யாவும் பயனளிக்காதவிடத்து இறுதியாக எஞ்சுவது தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தலாகும். இங்குதான் பலர் தவறிழைக்கின்றனர். பின்புறமுள்ள சிறு துவாரத்தில் ஊசியை அழுத்தியதும், வைஃபை அமைப்புகளுடன் நிறுவனம் வழங்கிய இணைப்புப் பெயரும் கடவுச்சொல்லும்கூட அழிந்துவிடக்கூடும். அதன்பின் அறுந்து அறுந்து வந்த இணைப்பும் வராது. எனவே அந்த விபரங்களைக் கையில் பெற்றுக்கொண்ட பின்னரே ஊசியைத் தொட வேண்டும். மீட்டமைத்த பின்னர் பழைய அமைப்புகளின் பிரதியை அப்படியே ஏற்றாமல், கையால் புதிதாக எழுதுவதே நலம். இல்லையெனில் பழைய முரண்பாடும் அதனுடன் திரும்பி வந்துவிடும். பழைய உள்மென்பொருளுக்குத் திரும்ப விரும்புவோர் தமது ரவுட்டரின் சரியான மாதிரிக்கும் பதிப்புக்கும் உரிய கோப்பைத் தயாரிப்பாளரிடமிருந்து மாத்திரம் பெற வேண்டும். மின்தடை ஏற்படக்கூடிய வேளையில் அதனைச் செய்யவே கூடாது. பதிவு பாதியில் நின்றால் பெட்டி பயனற்றதாகிவிடலாம்.

அப்படியாயின் புதுப்பித்தலையே நிறுத்திவிடலாமே எனச் சிலர் கேட்கலாம். அது கள்வனுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். 2016 நவம்பரில் ஜேர்மனியில் டொய்ச் ரெலிகொம் நிறுவனத்தின் ஏறத்தாழ 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள் இணையத் தாக்குதலொன்றினால் நிலைகுலைந்தன. அதற்குரிய மருந்தாக வந்ததே புதிய உள்மென்பொருள்தான். 2017 ஒக்டோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மத்தி வான்ஹூஃப் டபிள்யூ.பி.ஏ.-2 முறையிலேயே ஒரு குறைபாட்டை வெளிப்படுத்தினார். புதுப்பிக்கப்பட்ட கருவிகளே அதிலிருந்து தப்பின. 2018 மே மாதத்தில் குறைந்தது 54 நாடுகளில் 5 இலட்சம் வரையான கருவிகளில் தீய மென்பொருள் புகுந்திருந்தமை தெரியவந்தது. 2023 ஒக்டோபர் இறுதியில் அமெரிக்காவில் மூன்று தினங்களுக்குள் 6 இலட்சத்துக்கும் அதிகமான ரவுட்டர்கள் மீட்க முடியாதவாறு அழிக்கப்பட்டன. ஆகவே புதுப்பித்தல் வேண்டும். அது எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதே கேள்வி.

இலங்கையில் இந்தக் கேள்வி வெறும் தொழில்நுட்பக் கேள்வியன்று. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட நாள்முதல் பிள்ளைகளின் கல்வி வீட்டு இணைப்பில் தங்கியிருந்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை. இன்றும் உயர்தர மாணவரின் மேலதிக வகுப்பும், வெளிநாட்டிலுள்ள தந்தையின் குரலும், வங்கிக்கு வந்த பணத்தின் செய்தியும் அந்தச் சிறு பெட்டியின் வழியாகவே வீட்டை அடைகின்றன. இரவுத் தொழுகை முடிந்து மகனின் அழைப்புக்காகக் காத்திருக்கும் தாய்க்கும், ஆதிகோணநாயகர் கோயில் மணியோசை கேட்கும் வீட்டில் அதே அழைப்புக்காகக் காத்திருக்கும் தாய்க்கும் இவ்விடயத்தில் துயரம் ஒன்றே. ஆனால் ரவுட்டரின் பக்கங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. புதுப்பித்தல் பற்றிய அறிவித்தல் எந்த மொழியிலும் வருவதில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அந்த மொழியில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது நிறுவனங்களுக்குப் பெருஞ்சுமையாகாது.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ரவுட்டரின் உள்மென்பொருள் எப்போது மாற்றப்படும், எவை மாறும் என்பது முன்கூட்டியே தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்கப்பட வேண்டும். மாற்றத்தின்போது வாடிக்கையாளரின் சொந்த அமைப்புகள் பேணப்பட வேண்டும். 'லைன் நன்றாக உள்ளது' என்ற பதிலுடன் முறைப்பாடு மூடப்படலாகாது. வைஃபையையும் சோதிக்கத் தெரிந்த ஒருவர் தமிழில் பேசி வழிகாட்ட வேண்டும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 1996 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உருவான இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதனை ஒரு விதியாக்குவது குறித்துச் சிந்திக்க வேண்டும்.

எமது உறவினர் வீட்டில் இரு வைஃபைகளும் பிரிக்கப்பட்டு, பாதுகாப்பு முறை தாயாரின் பழைய தொலைபேசிக்கு ஏற்ப மாற்றப்பட்டது. அதற்குச் சென்ற நேரம் கால் மணித்தியாலம். அதற்கு முன்னர் பேசாமற்போன இரவுகள் பதினேழு. மடை எங்கே என்பதை எவராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த இரவுகள் வீணாகியிருக்கமாட்டா.