வீட்டூர்திப் பயணத்தில் வழியறிதல்

வீட்டூர்தி என்பது படுக்கை, சமையலிடம், கழிவறை முதலிய வசதிகளைக் கொண்ட பயண ஊர்தி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது ஆர்.வி. என அழைக்கப்படுகிறது. இதில் நெடுந்தொலைவு செல்வோர் வழியறிய ஜிபிஎஸ் வழிகாட்டிகளையும் அச்சிட்ட சாலை வரைபடங்களையும் பயன்படுத்துகின்றனர். மகிழுந்துக்கு ஏற்ற வழி, உயரமும் எடையும் மிகுந்த வீட்டூர்திக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை. எனவே இவ்விரு முறைகளின் வரம்புகளையும் அறிந்திருப்பது பயணப் பாதுகாப்புக்கு இன்றியமையாதது.

ஜிபிஎஸ் வழிகாட்டி

ஜிபிஎஸ் 1995 இல் முழுச் செயற்பாட்டுக்கு வந்தது. பொதுமக்களுக்கான குறிப்பலைகளில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னர் ஊர்திகளில் இதன் பயன்பாடு பெருகியது.

குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைப் பெற்றுக் கருவி தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. இதற்குச் செல்பேசி வலையமைப்பு தேவையில்லை. ஆனால் எந்தச் சாலையில் செல்வது என்பதைச் செயற்கைக்கோள்கள் கூறுவதில்லை. எண்மிய வரைபடமும் மென்பொருளுமே அதை முடிவு செய்கின்றன. ஆகவே இருப்பிடம் சரியாக இருந்தும் வழி தவறாக அமையலாம்.

வீட்டூர்திக்கு உரிய இடர்கள்

* உயரம்: வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரிலுள்ள தொடருந்துப் பாலம் ஒன்றின் கீழ் 11 அடி 8 அங்குல இடைவெளியே இருந்தது. அதில் பல ஊர்திகள் மோதிச் சேதமடைந்தன. 2019 இல் பாலம் 8 அங்குலம் உயர்த்தப்பட்டது. அதன் பின்னரும் மோதல்கள் நிகழ்ந்தன. பெரிய வீட்டூர்திகள் பல 12 அடிக்கு மேல் உயரமானவை.
* எரிவளி: சமையலுக்கான புரொப்பேன் உருளைகளைக் கொண்ட வீட்டூர்திகளுக்குப் பால்ட்டிமோர் துறைமுகச் சுரங்கச்சாலை போன்ற இடங்களில் கட்டுப்பாடு உண்டு.
* தொலைவிடங்கள்: கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் கோடை வெப்பநிலை 49 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. கைவிடப்பட்ட பழைய தடங்களை எண்மிய வரைபடங்கள் சாலைகளாகக் காட்டியதால் பயணிகள் பாலைநிலத்தில் சிக்கியுள்ளனர். பூங்காக் காவலர்கள் இத்தகைய இறப்புகளை "ஜிபிஎஸ் மரணம்" எனக் குறிப்பிட்டனர்.

ஊர்தியின் உயரம், நீளம், எடை ஆகியவற்றை உள்ளிடக்கூடிய சிறப்புக் கருவிகளும் உள்ளன. எனினும் அவற்றின் பயன் வரைபடத் தரவின் முழுமையைப் பொறுத்ததே.

அச்சு வரைபடம்

அச்சு வரைபடத்துக்கு மின்னாற்றல் தேவையில்லை. பெரிய தாளில் ஒரு வட்டாரம் முழுவதையும் ஒருசேரக் காணலாம். மாற்றுச் சாலைகளும் அடுத்த ஊரின் தொலைவும் எளிதில் விளங்கும். ஆனால் அச்சிட்ட பின் நேர்ந்த மாற்றங்களை அது காட்டாது. பயணியின் இருப்பிடத்தையும் அது தானாகக் கூறாது. பனியால் மூடப்படும் மலைச்சாலை கோட்டளவில் குறுக்குவழியாகத் தோன்றலாம். 2006 இல் ஓரிகன் மாநிலத்தில் அச்சு வரைபடத்தின் துணையுடன் மலைச்சாலையில் சென்ற ஒரு குடும்பம் பனியில் சிக்கியது. உதவி தேடி நடந்து சென்ற தந்தை உயிரிழந்தார்.

இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தல்

புறப்படுமுன் அச்சு வரைபடத்தில் முழு வழியையும் ஆராய்ந்து, பயணத்தின்போது இருப்பிடத்தையும் திருப்பங்களையும் ஜிபிஎஸ் வழி அறிவது பயனுள்ள முறையாகும். செல்பேசியைப் பயன்படுத்துவோர் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்தல் வேண்டும். ஊர்தியின் உயரத்தை அளந்து ஓட்டுநரின் கண்ணில் படும்படி எழுதி வைப்பது வழக்கம். கருவியின் குரலும் சாலையோர எச்சரிக்கைப் பலகையும் முரண்படும்போது பலகையையே பின்பற்ற வேண்டும்.