வன்தட்டை மாற்றும் முன்...

2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. புதிய மாவட்டத்துடன் புதிய அலுவலகங்களும் வந்தன, ஆவணங்களும் பெருகின. அவற்றில் பெரும்பகுதி இன்று கணினி வன்தட்டுகளில்தான் இருக்கிறது. சாதிச் சான்றிதழுக்காகவோ வன உரிமைப் பட்டாவுக்காகவோ கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு பழங்குடிக் குடும்பத்தின் கோப்பு தொலைந்துபோனால், அலைச்சல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அரசின் முதன்மைத் தரவுகளைக் காக்கப் பெரிய தரவு மையங்கள் இருக்கின்றன. ஆனால், பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், ஸ்கேன் மையங்கள், தணிக்கையாளர் அலுவலகங்கள் போன்றவை மூன்று, நான்கு வன்தட்டுகள் கொண்ட சிறு சேமிப்புப் பெட்டியையே நம்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பெட்டி சில ஆண்டுகளில் நிரம்பிவிடும். அப்போது வேலை நிற்காமல், தரவு அழியாமல் பெரிய வட்டுகளுக்கு மாறுவது எப்படி?

இத்தகைய பெட்டிகளுக்கு அடிப்படையாக இருப்பது ‘ரெய்டு’ என்னும் முறை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்குப் பெயரிட்டனர். விலையுயர்ந்த ஒரே பெரிய வட்டுக்குப் பதிலாக, மலிவான பல வட்டுகளை ஒன்றிணைத்துப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம்.

இதன் கணக்கு எளியது. முதல் வட்டில் 5, இரண்டாவதில் 7 என்ற எண்கள் இருந்தால், மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகையான 12 எழுதப்படுகிறது என்று கொள்வோம். இரண்டாவது வட்டு பழுதானாலும், 12-இலிருந்து 5-ஐக் கழித்து 7-ஐ மீட்டுவிடலாம். ‘ரெய்டு-5’ இந்த வகையில் ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும். ‘ரெய்டு-6’ இரண்டின் இழப்பைத் தாங்கும்.

வட்டுகளை மாற்றுவதும் இதே கணக்கை வைத்துத்தான். 4 டெராபைட் வட்டு ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் 8 டெராபைட் வட்டைப் பொருத்தினால், மற்ற மூன்றையும் படித்து அதன் உள்ளடக்கத்தைப் பெட்டி மீண்டும் எழுதிக்கொள்ளும். அது முடிந்த பிறகே அடுத்த வட்டில் கை வைக்க வேண்டும். பெரும்பாலான அமைப்புகளில் மிகச் சிறிய வட்டே மொத்த அளவைத் தீர்மானிப்பதால், நான்காவது வட்டும் மாறிய பின்னரே இடம் 12-இலிருந்து 24 டெராபைட்டாக விரியும்.

இங்குதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றாலும், ஒரு வட்டை மீண்டும் எழுத ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும்; நான்குக்கும் 30 மணி நேரம். அலுவலகப் பணியும் உடன் நடந்தால் இன்னும் நீளும். ரெய்டு-5 அமைப்பில் அந்த நேரம் முழுவதும் பாதுகாப்பு இல்லை. பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த பழைய வட்டுகள், முதலிலிருந்து கடைசிவரை படிக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று அப்போது பழுதானால் மொத்தத் தரவும் போய்விடலாம்.

எனவே, வட்டை மாற்றும் முன் முழுமையான காப்புநகல் எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்து சோதிக்க வேண்டும். பழைய வட்டுகளின் நலத்தைப் பரிசோதித்து, பலவீனமானதை முதலில் மாற்ற வேண்டும். தவறான வட்டைக் கழற்றிவிடாமல் இருக்க வரிசை எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். மழைக்கால மின்தடை நமக்குப் புதிதல்ல என்பதால், யுபிஎஸ் இன்றி இப்பணியைத் தொடங்கக் கூடாது. வாங்கும் வட்டின் வகையையும் கேட்டறிய வேண்டும். கூரை ஓடுகளைப்போலத் தடங்களை ஒன்றன்மீது ஒன்று அடுக்கி எழுதும் ‘எஸ்எம்ஆர்’ வகை வட்டுகள், தொடர்ந்து எழுத வேண்டிய இப்பணியில் மிகவும் மெதுவாகிவிடும்.

இவ்வளவு செய்தாலும் ரெய்டு என்பது காப்புநகல் ஆகாது. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு எல்லா வட்டுகளிலும் அழிந்துவிடுகிறது. பணம் பறிக்கும் வைரஸும் எல்லாவற்றையும் ஒருசேரப் பூட்டிவிடும். தீ வந்தால் பெட்டியே மிஞ்சாது. 2022 ஜூலையில் சின்னசேலம் அருகே கனியாமூரில் நடந்த வன்முறையில், பள்ளியில் இருந்த மாணவர்களின் சான்றிதழ்கள் தீக்கிரையானதை இம்மாவட்டம் கண்டது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்கள் பயன்படுத்திய 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. அதற்கு வெளியிடத்தில் காப்புநகல் இல்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டுக்கே அந்த நிலை.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் எளிய விதி. கள்ளக்குறிச்சியில் ஒரு பிரதி, வேறு ஊரில் ஒரு பிரதி இருப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. புதிய வட்டுகளுக்கு நிதி ஒதுக்கும் நிறுவனங்கள் காப்புநகலுக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அதைச் சோதிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்கி வருபவரிடம், ‘கணினியில் அழிந்துவிட்டது’ என்று சொல்ல நேரக் கூடாது.