மூன்றில் ஒரு பங்கினரின் ஆட்சி

வரி விதிப்பதற்கு ஜனங்களின் சம்மதம் வேண்டும் என்பது ஜனநாயகத்தின் ஆதி தர்மம். அதை நாம் முழுமனதுடன் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஜனங்களின் சம்மதம் என்பது பெரும்பாலோரின் சம்மதமா, அல்லது சிறுபான்மையோர் விட்டுக்கொடுத்தால் மட்டுமே செல்லுபடியாகும் சம்மதமா? அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா ராஜ்யத்தின் அனுபவம் இக்கேள்வியைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

அங்குப் பொதுப் பாடசாலைகள் வெகுகாலம் முக்கியமாக ஸ்தல சொத்துவரியை நம்பியே நடந்துவந்தன. 1970-ஆம் ஆண்டுகளில் வீடுகளின் விலை ஏறிற்று. விலையுடன் வரியும் ஏறிற்று. வருமானம் உயராத முதியோர், தாம் குடியிருந்த வீட்டுக்கே வரி கட்ட இயலாமல் தவித்தனர். ராஜ்யச் சர்க்காரோ கஜானாவில் உபரிப் பணத்தை வைத்துக்கொண்டு, காலத்தில் பரிகாரம் தேடாதிருந்தது. ஜனங்களின் கோபம் நியாயமானதே. ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் கொண்டுவந்த 13-வது பிரேரணை அக்கோபத்திலிருந்து பிறந்தது.

1978 ஜூன் 6-ந் தேதி ஜனங்கள் வோட்டளித்து அதை நிறைவேற்றினர். சொத்துவரி மதிப்பில் நூற்றுக்கு 1-க்கு மேற்படலாகாது. சொத்து கைமாறும் வரை அம்மதிப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு 2-க்கு மேல் உயரலாகாது என்று விதி ஏற்பட்டது. சொத்துவரி வருமானம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பாடசாலைகள் தலைநகரான சாக்ரமென்டோவின் கையை எதிர்பார்க்க நேர்ந்தது.

இவற்றினும் கடுமையான நிபந்தனை ஒன்றும் அதில் இருந்தது. விசேஷ ஸ்தல வரி விதிக்க, வோட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டுமாம்! நூற்றுக்கு 66 பேர் தம் ஊர் உபாத்தியாயர்களுக்காக வரி கொடுக்க முன்வந்தாலும், 34 பேர் அதைத் தடுத்துவிடலாம். விந்தை என்னவெனில், 13-வது பிரேரணைக்கே கிடைத்த ஆதரவு நூற்றுக்கு 65-க்குச் சற்றுக் குறைவு. பிறருக்கு விதித்த பரீட்சையில் அதுவே தேறியிராது. தனக்கொரு நீதி, ஊருக்கொரு நீதி என்பது இதுவன்றோ?

ஸ்தல வரி மட்டுமே போதும் என்று நாம் சொல்லவில்லை. 1971-இல் ஸெரானோ வழக்கில் அந்த ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய கணக்கு மறக்கத்தக்கதன்று. மாணவன் ஒருவனுக்குப் பெவர்லி ஹில்ஸ் 1,232 டாலர் செலவிட்டது. பால்ட்வின் பார்க் 577 டாலரே செலவிட்டது. ஆயினும் ஏழை ஊரின் வரி விகிதம் செல்வர் ஊரினதைப்போல் இருமடங்குக்கும் அதிகம்! இக்குறையை ஈடுசெய்வது ராஜ்யத்தின் கடமை. ஆனால் ராஜ்யம் உதவுவது ஒன்று. ஊரார் தாமே உதவுவதைத் தடுப்பது வேறொன்று.

2000-ஆம் ஆண்டில் ஜனங்கள் 39-வது பிரேரணையின் மூலம், பாடசாலைக் கட்டடக் கடனுக்கு நூற்றுக்கு 55 வோட்டே போதும் என்றாக்கினர். நல்லதே. ஆயினும் கட்டடம் கற்பிப்பதில்லை. அப்பணத்தை உபாத்தியாயர் சம்பளத்துக்குச் செலவிட இயலாது. சம்பளத்துக்கென்று பாடசாலை மாவட்டம் ஒரு மனைவரியைக் கேட்டால் பழைய தடையே எதிர்நிற்கிறது.

வரிப்பளுவால் வருந்தும் முதியோருக்கு விலக்கு அளிக்கலாம், அளிக்கவும் வேண்டும். ஆனால் அவர்களைக் காட்டிப் பெரும்பான்மையோரின் கைகளைக் கட்டுவது தர்மமாகாது. பாடசாலை எவருடையதோ அந்தக் குழந்தைகளுக்கு வோட்டு இல்லை. அவர்களுக்காக வோட்டளிப்போரின் வாக்கையேனும் முழு வாக்காக எண்ணுவதே நியாயம்.