கார் ஆடியோ: பொருத்திய பிறகு தொடங்கும் வேலை

பாரூரிலிருந்து ஓசூருக்குக் காரில் போக ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கிருஷ்ணகிரி, சூளகிரி என்று நீளும் அந்த வழியில் பெரும்பகுதி தேசிய நெடுஞ்சாலை 44. சிப்காட் வேலைக்கு இப்படிப் போய்வருகிறவர் வீட்டில் கேட்பதைவிடக் காரில் கேட்கும் பாட்டுதான் அதிகம். அதனால் வண்டி வாங்கிய கையோடு ஓசூர் கடைகளுக்கோ பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்கோ போய், புது ஸ்டீரியோ, நான்கு சானல் ஆம்ப், டிக்கியில் ஒரு சப்வூஃபர் என்று பொருத்திக்கொள்கிறார்கள். கடையில் பேஸ் அதிரும் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுவார்கள். கண்ணாடி நடுங்கும், மனம் நிறையும். ஆனால் திரும்பும் வழியில் கிருஷ்ணகிரி டோல்கேட் வருவதற்குள் காது சலித்துவிடும். பாடகரின் குரல் வலது கதவுக்குள்ளிருந்து வரும். வயலின் காதைக் குத்தும். பேஸ் மட்டும் பின்னால் எங்கோ தனியாக இடித்துக்கொண்டிருக்கும்.

வாங்கிய பொருளில் பெரும்பாலும் குறை இருக்காது. பொருத்தியாயிற்று, ட்யூனிங் நடக்கவில்லை. நடுத்தர விலையில் வாங்கிய செட்டை ஒரு நாள் மாலை பொறுமையாக உட்கார்ந்து ட்யூன் செய்தால், ட்யூன் செய்யாத விலையுயர்ந்த செட்டைவிட அது நன்றாகப் பாடும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாட்டுக் கேட்பதற்குக் காரைவிட மோசமான அறை கிடையாது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் உயர் ஒலியை முகத்தில் திருப்பி அடிக்கின்றன, சீட்டுகள் அதையே விழுங்குகின்றன. ஸ்பீக்கர்கள் முழங்காலைப் பார்த்து நிற்கின்றன. ஓட்டுபவர் ஒருபோதும் நடுவில் உட்காருவதில்லை. ஆகவே ஸ்பீக்கரை மட்டும் பார்க்காமல் காரின் உட்புறத்தையும் சேர்த்து அளக்க வேண்டியிருக்கிறது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன விடுதலைப் போராட்டக்காரரின் மகன் அமர் போஸ், ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து இதைத்தான் செய்தார். 1983 மாடல் காடிலாக் செவில் காருக்குள் ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து, அந்தக் காருக்கென்றே அவருடைய நிறுவனம் ஒரு சிஸ்டத்தை வடிவமைத்தது.

ஸ்டீரியோவின் செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் கதவைப் பாருங்கள். டோர் பேடைக் கழற்றி உள்தகட்டை விரல் முட்டியால் தட்டினால், பெரும்பாலான கார்களில் வெற்று டப்பா ஓசைதான் கேட்கும். அந்தத் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகளும் இருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்கத்திலிருந்து கிளம்பும் ஒலி அவற்றின் வழியே முன்னே வந்து, முன்பக்க பேஸைத் தின்றுவிடும். ப்யூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி ஓட்டைகளை மூடினாலே கதவு ஸ்பீக்கரில் பேஸ் தெளிவாகக் கூடும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் மூடிவிடக் கூடாது, மூடினால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். அடுத்தது எர்த் வயர். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த உயரும் ஊளைச் சத்தம் கேட்டால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் அது இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி கெயின். பலரும் ஆம்ப்பில் இருக்கும் இந்தத் திருகை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகிவிடுகிறார்கள். ஸ்டீரியோவிலிருந்து வரும் மின்னழுத்தத்தை ஆம்ப்பின் எல்லைக்குப் பொருத்துவது மட்டுமே அதன் வேலை. எல்லையைத் தாண்டினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிப்போன அலை, அதே உயரமுள்ள சீரான அலையைப் போல இரண்டு மடங்கு சக்தியைக் கொட்டும். 75 வாட் ஆம்ப் 150 வாட் வரை தள்ளும் என்றால் வாய்ஸ் காயில் ஏன் கருகுகிறது என்பது விளங்கும். ஸ்பீக்கர் எரிந்துபோகும்போது பெரும்பாலோர் பழியை ஸ்பீக்கர்மேல் போடுகிறார்கள்.

கெயினைச் சரியாக வைக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றி, 1,000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போடுங்கள். சப்வூஃபர் சானலுக்கு மட்டும் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் வாட்டை ஸ்பீக்கரின் ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று தெரியும். 75 வாட், 4 ஓம்ஸ் என்றால் பெருக்குத்தொகை 300, வர்க்கமூலம் 17.3. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, அந்த எண் வரும்வரை கெயினை மெல்லத் திருப்பி நிறுத்துங்கள். இவ்வளவுதானா என்று தோன்றும் அளவுக்குத் திருகு கீழேயே நின்றுவிடும். கை அரித்தாலும் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

வயர்களைத் திரும்ப மாட்டும்போது போலாரிட்டியைச் சரிபாருங்கள். கதவு ஸ்பீக்கரின் வயரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால், ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் சரியாக இருக்கும்போது கூம்பு வெளியே துள்ளும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் இரண்டு கதவும் ஒன்றையொன்று எதிர்த்து பேஸ் காணாமல் போகும். அதற்குப் பின், ஒலியைச் சப்வூஃபருக்கும் கதவுக்கும் பிரித்துக்கொடுக்கும் க்ராஸ் ஓவர். சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, கதவுக்கு அதற்கு மேலே என்று தொடங்கலாம். அந்த அளவுக்குக் கீழான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது காதுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆகவே டிக்கியில் இருக்கும் சப் தன்னைக் காட்டிக்கொடுக்காது. ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவும் லிங்க்விட்ஸ்-ரைலி வகையும் கிடைத்தால் அதையே எடுங்கள். ஹ்யூலட்-பேக்கர்ட் பொறியாளர்களான சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் தந்த முறை இது. 1976-இல் வெளிவந்தது. இரண்டு ஸ்பீக்கர்கள் சந்திக்கும் இடத்தில் மேடு பள்ளம் இல்லாமல் ஒலி ஒன்றுசேர்வது இதன் சிறப்பு.

இவ்வளவும் செய்தாலும் குரல் வலது கதவை விட்டு நகராது. 1949-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த ஹெல்முட் ஹாஸ் இதற்கான காரணத்தை விளக்கினார். ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சில மில்லி வினாடி இடைவெளியில் வந்தால், காது அதை ஒரே ஒலியாகக் கேட்கிறது, முதலில் வந்து சேர்ந்த பக்கத்தையே அதன் இடமாக எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் காரில் ஓட்டுநருக்கு வலது கதவுதான் பக்கம். தீர்வு எளிது: பக்கத்தில் இருப்பதைத் தாமதப்படுத்த வேண்டும். ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட் என்ற பெயரில் இது இருக்கும்.

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள். தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் நடுவுக்கும் அளந்து எழுதுங்கள். வலது கதவு 90 சென்டிமீட்டர், இடது கதவு 140, சப் 200 என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 346 மீட்டர் போகும், அதாவது ஒரு மில்லி வினாடிக்கு 34.6 சென்டிமீட்டர். தொலைவில் இருக்கும் சப்புக்குத் தாமதம் இல்லை. இடது கதவு அதைவிட 60 சென்டிமீட்டர் பக்கம், எனவே 1.7 மில்லி வினாடி. வலது கதவு 110 சென்டிமீட்டர் பக்கம், எனவே 3.2 மில்லி வினாடி. ட்வீட்டர்களுக்கும் இதே கணக்குதான். எண்களைப் போட்டுவிட்டு, ஒருவர் மட்டும் பாடும் பாட்டைப் போடுங்கள். குரல் கதவை விட்டுக் கிளம்பி டேஷ்போர்டின் மேல் வந்து நிற்கும். ட்யூனிங் வேலையில் இதைப் போல மகிழ்ச்சி தரும் கணம் வேறில்லை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு கதவுகளுக்கும் இடையே 50 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால், ஒரு மீட்டர் நீள அலை, அதாவது 346 ஹெர்ட்ஸ், இரண்டு பக்கமிருந்தும் நேரெதிராக வந்து மோதித் தேய்ந்துபோகும். அது குரல் உலவும் இடம். தாமதம் சரியானதும் காணாமல்போன அந்தக் கனம் குரலுக்குத் திரும்பிவிடும்.

ஈக்வலைசரைக் கடைசியாகத் தொடுங்கள். கூட்டுவதை விடக் குறைப்பதே நல்லது. 3 டெசிபல் கூட்டினால் ஆம்ப் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலைப் போட்டு, அளவீட்டு மைக்கைத் தலையைச் சுற்றி மெல்ல நகர்த்தி, துருத்திக்கொண்டிருக்கும் மேடுகளை மட்டும் இறக்குங்கள். 3,000, 4,000 ஹெர்ட்ஸ் அருகே மனிதக் காது மிகக் கூர்மையானது. காதைக் குத்தும் வயலினைச் சரிசெய்ய அங்கே தேடுங்கள். பேஸைப் பற்றிக் கவலை வேண்டாம். உட்புற நீளம் இரண்டரை மீட்டர் உள்ள கார் ஏறக்குறைய 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே தானாகவே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். அதற்கு மேல் பேஸ் பூஸ்ட் பட்டன் எதற்கு?

மீட்டர் சொல்வதைக் காது ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க நான் மிருதங்கத்தையே நம்புவேன். அது தோல் கருவியாக இருந்தும் சுருதியோடு பேசுவதற்குக் காரணம், வலந்தலையில் பூசும் கரணை அதன் மேற்சுரங்களை ஒழுங்கான விகிதத்தில் கொண்டுவருவதுதான். சர் சி.வி. ராமன் இதை 1920-இல் ஒரு சிறு கட்டுரையாகவும், பெங்களூருவில் இருந்தபோது 1934-இல் விரிவாகவும் எழுதினார். அந்த மேற்சுரங்களில் ஒன்றை மட்டும் உங்கள் சிஸ்டம் தூக்கியோ அமுக்கியோ காட்டினால் வலந்தலை தகரம் தட்டினாற்போல ஒலிக்கும். இடப்பக்கத் தொப்பியின் கும்காரம் டிக்கியிலிருந்து தனியாக வந்தால் சப்பின் அளவோ தாமதமோ இன்னும் சரியில்லை. தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். தொப்பியும் வலந்தலையும் ஒரே ஆளின் இரண்டு கைகளிலிருந்து, ஒரே இடத்திலிருந்து வருவதாகத் தெரிய வேண்டும்.

அடுத்து நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். டயர் இரைச்சலில் பெரும்பகுதி கீழ் ஒலி என்பதால், நிறுத்தி வைத்தபோது அளவாக இருந்த பேஸ் 80 கிலோமீட்டர் வேகத்தில் மெலிந்துவிடும். சப்பை மட்டும் 3 டெசிபல் ஏற்றி, அதைத் தனி மெமரியில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஒலி அளவுக்கும் ஒரு வரம்பு வேண்டும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்பதே அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியாஷ் வகுத்திருக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம்தான், ஓசூர் போய்ச் சேர்வதற்குள் அது முடிந்துவிடும்.

எல்லா எண்களையும் ஸ்க்ரீன் ஸ்க்ரீனாகப் போனில் படம் எடுத்து வையுங்கள். சர்வீஸில் பேட்டரியைக் கழற்றினால் பல ஸ்டீரியோக்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும்.