அந்த முதல் நிமிடம்

இரவு நிகழ்ச்சியில் பாடல் கேட்டு அழைக்கிறவர்களில் சிலர், பாட்டு ஒலியேறிய பிறகும் தொலைபேசியை வைப்பதில்லை. போன ஆண்டு அப்படித்தான் ஈப்போ புந்தோங்கிலிருந்து ஓர் அம்மா. மகளுக்காகப் பாட்டுக் கேட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, எம்மவ தன்னைத்தானே காயப்படுத்திக்கிறா. நேத்துதான் பார்த்தேன். பார்த்ததும் அறைஞ்சிட்டேன்."

"கவலைப்படாதீங்க அக்கா, எல்லாம் சரியாயிடும்" என்றேன். பேச்சையே தொழிலாகக் கொண்டவளிடம் அப்போது இருந்தது அவ்வளவுதான். அது யாருக்கும் உதவாத வரி என்பது பிறகு படித்தும் விசாரித்தும்தான் புரிந்தது.

பிள்ளை இப்படிச் செய்தால், "சாகப் பார்த்தாள்" என்போம். இல்லையென்றால் "நம்மை மிரட்டுகிறாள்" என்போம். பெரும்பாலும் இரண்டுமே இல்லை. சொல்லத் தெரியாத கோபமும் வெட்கமும் தன்மேலேயே வெறுப்பும் தாங்க முடியாமல் போகும்போது, அதைச் சமாளிக்கப் பிள்ளை கண்டுபிடித்த தவறான வழி இது. தணிந்தது போலிருக்கும், பின்னாலேயே குற்ற உணர்வு வரும், மறுபடியும் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். கவனம் தேடுகிறாள் என்றால் ஏன் மறைக்க வேண்டும்? அதற்காக அலட்சியமும் கூடாது. இப்படிச் செய்கிற பிள்ளைகளுக்குத் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

2022-இல் சுகாதார அமைச்சு இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே நடத்திய ஆய்வில், நால்வரில் ஒருவர் மனச்சோர்வில் இருந்தது தெரியவந்தது. எட்டில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம். பத்தில் ஒருவர் முயன்றவர். நாற்பது பேர் உள்ள வகுப்பறையை நினைத்துப் பாருங்கள்: பத்துப் பேர், ஐந்து பேர், நான்கு பேர்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விடுவார். லயத்தில் ஒரு பிள்ளையின் முகம் வாடினால் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். (அதே லயத்தில் குடியும் அடியும் இருந்தன, அதைச் சொர்க்கம் என்று சொல்ல நான் தயாரில்லை.) ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. சனங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். அப்பா லாரியில், அம்மா தொழிற்சாலை இரவு ஷிப்டில். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் பாட மொழியே மாறுகிறது. சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க, கூடப் படித்தவர்கள் முதல் படிவத்துக்குப் போய்விடுகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியோடு இருக்கும் பிள்ளையின் முகத்தை யார் பார்ப்பது?

உதவி தேடுவதற்கு இன்னொரு தடை, நம் வாயிலேயே இருக்கிறது. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று சின்ன வயதில் நானும் திட்டு வாங்கியிருக்கிறேன். 1911-இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா உலு கிந்தா என்று பெயர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியும் ஏச்சு மாறவில்லை. அந்தப் பயத்திலேயே பல வீடுகளில் விஷயத்தை மூடிவிடுகிறார்கள். எடுத்த எடுப்பில் அங்கே போக வேண்டியதில்லை. பக்கத்து அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்க்கலாம். தேவைப்பட்டால் அவரே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயமும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறை என்றிருந்த தண்டனைச் சட்டம் 309-ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது.

சரி, காயத்தைப் பார்த்துவிட்டீர்கள். முதலில் மூச்சு விடுங்கள். காயத்தைக் கழுவி மருந்து போடுங்கள். பெரிய காயமென்றால் உடனே மருத்துவமனை. "பார்த்துட்டேன்மா. எனக்குக் கோபம் இல்லை. உனக்கு என்ன கஷ்டம்?" போதும். பதில் அன்றே வராது. "இனிமேல் செய்ய மாட்டேன்னு சாமி படத்துக்கு முன்னாடி சத்தியம் பண்ணு" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சத்தியம் உடைந்தால், அடுத்த முறை உங்களுக்குத் தெரியவே தெரியாது. சித்தி, மாமா உள்ள புலனக் குழுவில் போடாதீர்கள். கோயிலுக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள், கிளினிக்குக்கும் சேர்த்துத்தான்.

"செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மருந்துகளையும் ஆபத்தான பொருள்களையும் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் 15555, தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. பிள்ளையும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம். பள்ளியின் ஆலோசக ஆசிரியரையும் பாருங்கள்.

புந்தோங் அம்மா சில மாதம் கழித்து மறுபடி அழைத்தார். "அறைஞ்சதுக்கு அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன் தங்கச்சி. அதுக்கப்புறம்தான் கிளினிக்குக்கே வந்தா." நின்றுவிட்டதா என்று கேட்டேன். "முழுசா நிக்கல. ஆனா போன வாரம் மனசு சரியில்லன்னு அவளே வந்து சொன்னா. ராத்திரி ரெண்டு மணி. பக்கத்துல படுக்கச் சொன்னா."

என்ன பாட்டு வேண்டும் என்றேன். பாட்டுக்காக அழைக்கவில்லையாம்.