நம் கலாசாலையின் குணதோஷ ஆராய்ச்சி

கொங்கு நாட்டிலே கிணற்றை நம்பிப் பயிர் செய்யும் குடியானவன், கோடை காலத்தில் கிணற்றுள் இறங்கித் தூர் வாருகிறான். நீர் நிறைந்திருக்கும்போது அடியிலுள்ள சேறு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கலாசாலைகளின் நிலைமையும் இத்தகையதே. பரீட்சையில் தேறினோர் தொகையும், பந்தயங்களில் பெற்ற கேடயங்களும், ஆண்டு விழாவின் ஆரவாரமும் மேலே நிறைந்து நிற்கின்றன; அடியிலே படிந்திருப்பது யாதென ஆராய்வோர் சிலரே. குறைகூறி எச்சரிப்போரைத் தன்பால் வைத்துக்கொள்ளாத அரசனுக்குப் பகைவர் வேண்டுவதில்லை என்பது திருவள்ளுவர் கருத்து. அரசனுக்கு உரைத்தது கலாசாலைக்கும் பொருந்துமன்றோ?

கிறிஸ்தவக் கலாசாலைகளுக்கு வெளியாரது மதிப்பீடு புதிதன்று. 1930-31-ஆம் ஆண்டுகளில், ஆக்ஸ்போர்டு பேலியோல் கலாசாலைத் தலைவராயிருந்த ஏ. டி. லிண்ட்ஸே அவர்களின் தலைமையில் ஒரு கமிஷன் இந்தியக் கிறிஸ்தவக் கலாசாலைகளைச் சுற்றிப் பார்த்தது. அவை பரீட்சைகளின் பிடியில் அகப்பட்டிருப்பதையும், சுற்றுப்புற மக்களின் வாழ்க்கையோடு ஆராய்ச்சியாலும் தொண்டாலும் இணைய வேண்டுமென்பதையும் 1931-இல் வெளியான அதன் அறிக்கை எடுத்துரைத்தது. பிற்காலத்தில், 1994-இல், பல்கலைக்கழக மானியக் குழு 'நாக்' என வழங்கும் தரமதிப்பீட்டு அவையை நிறுவியது. 2017-இல் திருத்தியமைத்த முறையில் அவ்வவை மாணாக்கரின் மனநிறைவை அறியும் வினாப்பத்திரத்தையும் சேர்த்துக்கொண்டது. பார்க்கப்படும் பொருளாகவே இருந்த மாணாக்கர், இவ்வாறு பார்ப்போராகவும் ஆயினர்.

எனினும், தனித்திருந்து எண்களைக் குறித்துவிடுவது வேறு. பலர் கூடி ஆராய்வது வேறு. உதாரணமாக, நூல்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஹாஸ்டலில் வசிப்போர் அதனை மிக நன்று என்பர். அன்னூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் பஸ்ஸில் வந்து, வகுப்பு முடிந்தவுடன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோர், அதன் உட்புறத்தை நன்கு கண்டதேயில்லை என்பர். இரண்டும் உண்மையே. இருசாராரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசினாலன்றி, 'நூல்நிலையம் நன்று. ஆயினும் அது பாதி மாணாக்கருக்கு எட்டவில்லை' என்னும் முழு உண்மை வெளிப்படாது. குழுவாக ஆராய்வதன் பயன் இதுவே.

ஆகவே, குழுக்களை அமைக்கும் முறையிலே கருத்து வேண்டும். நண்பர் நண்பரோடும், ஒரே ஊரார் ஒரே ஊராரோடும், ஒரே ஜாதியார் தம்முள்ளும் கூடுவராயின், முன்னமே எண்ணியிருந்ததையே மீண்டும் எண்ணி எழுவர். ஆதலின் சீட்டெடுத்து அறுவர் எழுவராகப் பிரித்தல் நலம். முதலில் ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தனித்தனியே எழுதி வைத்துக்கொண்டு, பின்னரே பேசத் தொடங்க வேண்டும்; இன்றேல் நாவன்மையுடைய இருவர் பேச, ஏனையோர் தலையசைப்பர். குணமாயினும் தோஷமாயினும் ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் காட்டப்பட வேண்டும். ஆளைக் குறை கூறாது, முறையைக் குறை கூறல் தகும். உடன்படாதவர் கருத்தையும் உள்ளவாறே குறித்தல் வேண்டும்.

இனி, எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? கட்டடமும் கட்டுப்பாடும் ஆங்கில வன்மையும் பிற கலாசாலைகளிலும் உண்டு. கிறிஸ்தவக் கலாசாலையை அதன் நோக்கத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும். 1830-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த அடிஸ் ஐயர் கோயமுத்தூரில் ஊழியந் தொடங்கிய காலமுதல், 1948-இல் பெண்களுக்கென நிர்மலா கலாசாலை தோன்றிய காலம் வரையிலும் அதற்குப் பின்னும், கல்வி எட்டாதிருந்தோர்க்கு அதனை எட்டச் செய்ததே மிஷன் கல்வியின் தனிச்சிறப்பாகும். எனவே, 'நம்மிடம் எவை உள்ளன?' என்பதோடு, 'அவை யாருக்குக் கிடைக்கின்றன?' என்றும் நாம் வினவ வேண்டும்.

இவ்வாறு வினவுங்கால், பல தோஷங்கள் குணங்களின் நிழலாகவே தோன்றும். ஆங்கிலத்தில் நாம் அடைந்த தேர்ச்சி, தமிழில் படித்துவந்த கிராமத்து மாணவனை வாய்திறக்க அஞ்சச் செய்யலாம். நமது கட்டுப்பாடு, நியாயமான கேள்வியையும் அடக்கிவிடலாம். நீதிபோதனை வகுப்பு, பிற மதத்து மாணாக்கர் மனம்விட்டுப் பேசும் இடமாகவும் இருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்திருக்கும் நேரமாகவும் இருக்கலாம். ஹாஸ்டல் பந்தியில் யார் யாரோடு அமர்கிறோம் என்பது, விவிலியத்தில் நாம் எவ்வளவு கற்றோம் என்பதைப் பரீட்சைத்தாளைவிடத் தெளிவாகக் காட்டும். இக்கடைசித் தோஷத்தை எந்த நிர்வாகமும் தனியே நீக்கவியலாது, அது நம்முடையது. கிழிக்கப்பட்ட நூலின் ஏடுகளும் அத்தகையனவே. ஆகவே, குழுவின் அறிக்கையில் 'கலாசாலை செய்ய வேண்டுவன', 'நாம் செய்ய வேண்டுவன' என இரு பகுதிகள் இருத்தல் அவசியம்.

அறிக்கையை ஒப்படைத்த பின்னரே மெய்யான பரீட்சை தொடங்குகிறது. அதனை எழுத வேண்டியோர் நிர்வாகத்தார். ஒவ்வொரு குறைக்கும், செய்துவிட்டோம் என்றோ, இன்ன காலத்தில் செய்வோம் என்றோ, இன்ன காரணத்தால் இயலாது என்றோ விடை வருதல் வேண்டும். இயலாது என்னும் விடையும் மரியாதையான விடையே, மௌனம் அவ்வாறன்று. மௌனத்தைக் கண்ட மாணாக்கர் அடுத்த ஆண்டில் மெய்யை எழுதார். கேட்போருக்கு இனிப்பதையே எழுதுவர். அங்ஙனம் பொய் எழுதப் பழக்கிவிடும் கலாசாலை வேறெதைக் கற்பித்தும் என்ன பயன்? அன்போடு குறை கூறும் மாணாக்கரும், பொறுமையோடு விடை கூறும் பெரியோரும் ஒருங்கு வாய்த்த கலாசாலையே வளரும். நம் கலாசாலை அத்தகையதாகுமாறு இருசாராரும் முயல்வோமாக.