இகிகாய்: அந்த நாலு வட்டம் ஜப்பான்ல இருந்து வரலை

இந்த எபிசோடை ரூமுக்குள்ள உட்கார்ந்து பேசலை. கொல்லிமலை அடிவாரத்துல, முள்ளுக்குறிச்சியில ஒரு டீக்கடை பெஞ்ச்ல இருக்கேன். மேல போற பஸ்ஸுக்காக வெயிட்டிங். நடுவுல ஹாரன் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.

போன வாரம் ஒரு மெயில் வந்துச்சு. "அண்ணா, எனக்கு 26 வயசு. ஆபீஸ் ட்ரெய்னிங்ல இகிகாய் படம் கொடுத்து நிரப்பச் சொன்னாங்க. நடுவுல எழுத எனக்கு ஒண்ணுமே இல்லை. என்கிட்டதான் ஏதோ தப்பா?"

அந்தப் படம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பிடிச்சது, நல்லா வர்றது, உலகத்துக்குத் தேவையானது, சம்பளம் தர்றதுன்னு நாலு வட்டம். நாலும் சேர்ற இடம்தான் இகிகாய்னு சொல்வாங்க. நானும் இதை நிரப்பியிருக்கேன். நடுவுல எதுவும் வராததால ஒரு ராத்திரி ராஜினாமா மெயில் வரைக்கும் டைப் பண்ணி வச்சவன்தான்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தப் படம் ஜப்பானோடதே இல்லை. ஸ்பெயின்ல ஆந்த்ரெஸ் சூசுனாகான்னு ஒரு ஜோதிடர் இருக்கார். அவர் வாழ்க்கையோட நோக்கம் பத்தி வரைஞ்ச படம் அது. 2014-ல மார்க் வின் என்பவர் தன் வலைப்பதிவுல, அதே படத்தின் நடுவுல 'நோக்கம்'ங்கிற வார்த்தையை எடுத்துட்டு 'இகிகாய்'னு போட்டார். மாறினது அந்த ஒரு வார்த்தைதான். அது நம்ம ட்ரெய்னிங் ரூம் வரைக்கும் வந்துடுச்சு.

சரி, ஜப்பான்ல இகிகாய்னா என்ன? 'இகி'ன்னா வாழ்றது, 'காய்'னா அதுக்கான பயன், மதிப்பு. இதை ஆழமா எழுதினவர் மியேகோ கமியா என்கிற மனநல மருத்துவர். அவர் புத்தகம் 1966-ல வந்துச்சு. அவர் வேலை பார்த்தது நாகாஷிமா தீவுல இருந்த தொழுநோயாளிகள் இல்லத்துல. வேலை, குடும்பம், ஊர் எல்லாத்தையும் இழந்தவங்க அங்க இருந்தாங்க. உடம்பு ஓரளவு நல்லா இருந்தும் நாளைத் தள்ள முடியாம தவிச்சவங்களையும் பார்த்தார், கடுமையான பாதிப்போடயும் வாழ்றதுல அர்த்தம் கண்டவங்களையும் பார்த்தார். ஏன் இந்த வித்தியாசம்ங்கிறதுதான் அவரோட கேள்வி. அங்க சம்பள வட்டத்துக்கு இடமே இல்லைங்கிறதைக் கவனிங்க.

2010-ல ஜப்பான்ல 2,000 பேர்கிட்ட ஒரு சர்வே எடுத்தாங்க. தன் வேலைதான் தன்னோட இகிகாய்னு சொன்னவங்க 31 சதவீதம்தான். மத்தவங்களுக்கு அது வேற எங்கேயோ இருக்கு. மியாகி மாகாணத்துல ஒசாகி பகுதியில 43,391 பேரை ஏழு வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஆய்வும் இருக்கு, 2008-ல வெளியானது. இகிகாய் இல்லைன்னு சொன்னவங்க மத்தியில இறப்பு கூடுதலா இருந்துச்சு. (இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. உடம்பு முடியாதவங்களுக்கு அந்த உணர்வு குறைஞ்சிருக்கலாம்.) அந்த ஆய்வுல கேட்டது, வாழ்க்கையில இகிகாய் இருக்கான்னு ஒரே கேள்வி. வேலையைப் பத்தியோ சம்பளத்தைப் பத்தியோ அதுல ஒரு வார்த்தை இல்லை.

இங்க ஏன் வந்தேன்னு கேட்டீங்கன்னா, சாமை. கொல்லிமலையில மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமைன்னு நாட்டு ரகங்கள் நிறைய உண்டு. சேலம், நாமக்கல் சேகோ ஃபேக்டரிகளுக்குக் குச்சிக்கிழங்கு போட்டா காசு வரும். அதனால சாமைக் காடு பெரும்பாலும் கிழங்குக் காடாயிடுச்சு. இன்னொரு காரணத்தை நாம பேசுறதே இல்லை. சாமையை உரல்ல குத்தி, முறத்துல புடைச்சு அரிசியாக்குறது இடுப்பை ஒடிக்கிற வேலை. முழுக்கப் பெண்கள் தலையில விழுந்த வேலை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்க வேலை செஞ்சப்போ, விதை வங்கியோட சேர்த்து ஊருக்குள்ள தோல் நீக்குற மெஷினும் கொண்டு வந்தாங்க. பாரம்பரியத்தோட பெருமையைச் சொல்லிக் கொடுத்ததை விட அந்த மெஷின்தான் அவங்களுக்குப் பெரிய உதவின்னு எனக்குத் தோணுது.

நம்ம ஆபீஸுக்கும் இதே கதைதான். தினம் பன்னிரண்டு மணி நேர வேலை, ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கால். அப்படி இருக்குறவங்களுக்கு இகிகாய் ஒர்க்‌ஷாப் நடத்தினா, உரல் குத்துறவங்ககிட்ட தத்துவம் பேசின மாதிரிதான். முதல்ல அந்த வேலைப் பளுவைக் குறைக்கணும்.

அரை மணி நேரம் முன்னாடி, மேல ஊருக்குப் போற ஒரு ஆயா இதே பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தாங்க. என்ன வெள்ளாமைன்னு கேட்டேன்.

"காசுக்குக் குச்சிக்கிழங்கு சாமி. ஓரமா கொஞ்சம் சாமை."

"சாமையில என்னங்க ஆயா கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது. விட்டுட்டா விதை போயிடுமில்ல? அப்புறம் பேரப்பிள்ளைக்கு யாரு குடுப்பா?"

காசு ஒரு காட்டுல, மனசு ஓரத்துல இருக்குற ஒரு துண்டுல. ரெண்டையும் ஒரே வட்டத்துல அடைக்கணும்னு அவங்களுக்குத் தோணலை.

மெயில் போட்ட தம்பிக்கு: நடுவுல ஒண்ணும் இல்லைன்னா உன்கிட்ட தப்பு எதுவும் இல்லைப்பா. ராஜினாமா பண்ணுன்னும் சொல்ல மாட்டேன், பண்ணாதேன்னும் சொல்ல மாட்டேன். என் மெயில் இன்னும் ட்ராஃப்ட்லதான் கிடக்கு. ஒரு வாரம் மட்டும் கவனிச்சுப் பாரு. சம்பளம் வராட்டியும் நீ விட மனசு வராம செய்யுறது எது? புதுசா சேர்ந்த பொண்ணுக்கு வேலை சொல்லிக் கொடுக்குறதா இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை கிரவுண்ட்ல பசங்களுக்குப் பந்து போடுறதா இருக்கலாம். என்னன்னு எனக்கு எழுது.

பஸ் வந்துடுச்சு. மேல போய்ட்டு மிச்சத்தைப் பேசுறேன்.